விரதகாரனின் அம்புகள்

விரதம் பாதி கடந்திருந்த ஒரு பின்னேரம் என் வில் எனக்கு இழுபடவில்லை.

நான் வேலை செய்த வில்லுக் கடையின் பின்பக்கத்தில் நீளமான அறை ஒன்று உண்டு. வாங்க வருகிறவர்கள் எய்து பார்ப்பதற்கான இடம். மறு அந்தத்தில் தடித்த இலக்கு. வழமை போல அம்பை நாணில் கொளுவி இழுத்தேன். என்னுடையது இரண்டு முனையிலும் சில்லு வைத்த வில். அதை இழுக்கும்போது பாரம் ஏறிக்கொண்டே போய் ஓர் உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்தைத் தாண்டிவிட்டால் சில்லு புரண்டு பாரம் சட்டென்று விட்டுப்போகும். பிறகு ஆறுதலாக நின்று குறி பார்க்கலாம். அன்று உச்சத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் கை நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தேன். தோள் நடுங்கியது. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள் ஓடின. நாணை மெல்ல முன்னால் விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன்.

முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய நோர்வேப் பெண். எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாதவர்.

“காய்ச்சலோ?”

“இல்லை.”

“அப்ப என்ன? போன மாசம் இதே வில்லைப் பாட்டுக் கேட்டுக்கொண்டு இழுத்தனி.”

“நான் சாப்பாடு குறைச்சிருக்கிறன். சமய விசயம்.”

“எப்ப வரைக்கும்?”

சொன்னேன். அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்டைக்குத்தானே உனக்குப் பரீட்சை.”

“ஓம்.”

“உன்ரை கடவுளிட்டை வேறை நாள் கேக்க ஏலாதோ?”

பரீட்சை என்றால் டென்மார்க்கில் வில்லால் வேட்டையாடுவதற்கான பரீட்சை. நோர்வேயில் வில்லால் மிருகத்தைக் கொல்லச் சட்டம் விடாது. இலக்குக்கு எய்யலாம், ரப்பர் மிருகத்துக்கு எய்யலாம், அவ்வளவுதான். உயிருள்ளதை வேட்டையாட ஆசைப்படுகிறவர்கள் கப்பலேறி டென்மார்க்குக்குப் போவார்கள். முதலாளி அப்படிப்பட்டவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற தொழிலும் செய்தார். வட டென்மார்க்கில் ஒரு காட்டுக்காரரோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்தது. வேட்டைக்காரரோடு நடந்து போக, அம்பு பட்ட மானைத் தேடிப் பிடிக்க, வில்லும் அம்பும் சரிபார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பரீட்சை பாஸ் பண்ணாத எவனும் வில்லுக்காரரோடு தன் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்பது காட்டுக்காரரின் நிபந்தனை.

பாஸ் பண்ணினால் அந்த வேலை எனக்கு. வருடம் முழுக்க, நிரந்தரமாக. நோர்வேக்காரர் அதை ஃபாஸ்ட் ஸ்டில்லிங் என்பார்கள். எங்கள் ஆட்களும் தமிழ் கதைக்கும்போது அந்தச் சொல்லைத்தான் சொல்வார்கள், ஏதோ அம்மன் வரம் மாதிரி. பாஸ் பண்ணாவிட்டால் வருடப் பிறப்போடு அந்த வேலைக்கு வருவதற்கு ஒரு நோர்வேக்காரன் காத்திருந்தான். அவனிடம் டென்மார்க் பத்திரம் ஏற்கெனவே இருந்தது.

எனக்கு நிரந்தர வேலை வேண்டியது என் மனைவிக்காக. ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்து, ஒரு மாதம் ஒன்றாக இருந்துவிட்டு நான் திரும்பி வந்தேன். அவள் யாழ்ப்பாணத்தில் நின்றாள். அவளைக் கூப்பிடுவதற்கு எனக்கு நிலையான வேலை இருப்பதைக் குடிவரவுக் கந்தோருக்குக் காட்டவேண்டும். என்னிடம் இருந்தது லில்லெஸ்ட்ரோமில் ஒரு பண்டகசாலை வேலை. காலையில் போன் அடித்தால் போகவேண்டும், அடிக்காவிட்டால் வீட்டில் இருக்கவேண்டும். மிச்ச நேரம் வில்லுக் கடை. இவை இரண்டையும் காட்டிப் போட்ட முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

நான் ஓரிடத்தில் நின்று பழகியவன் அல்ல. எட்டாம் வகுப்பில் இடம்பெயர்ந்தோம். புது இடத்தில் பள்ளிக்கூடம் போ என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு கொழும்பு, ஒரு நாட்டில் கோழிப்பண்ணை, இன்னொரு நாட்டில் சீமெந்துச் சாந்து, மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரே அறைக்குள். நோர்வே வந்தும் கால் தரிக்கவில்லை. வடக்கே மீன் வெட்டினேன். பேர்கனில் ஆஸ்பத்திரித் துணி கழுவினேன். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு, வில்லுக் கடை இடம் மாறியபோது பெட்டி தூக்க என்னை ஓர் ஏஜென்சி அனுப்பியது. பெட்டி தூக்கி முடிந்த பிறகும் முதலாளி என்னை வரச் சொன்னார். அம்புத் தண்டு வெட்டவும் இறகு ஒட்டவும் என் கை படிந்துவிட்டது. நின்ற இடங்களில் நானாக விரும்பி நின்றது அது ஒன்றில்தான்.

விரதம் அவளுடைய யோசனை. கேதார கௌரி விரதம். உமையம்மை சிவனைப் பிரியாமல் அவர் உடம்பில் பாதியாகச் சேர்வதற்குப் பிடித்த விரதம் என்று எங்கள் ஊரில் பிடிப்பார்கள். இருபத்தொரு நாள், ஒரு நேரச் சாப்பாடு, மச்சம் மாமிசம் இல்லை. கடைசி நாள் தண்ணீர் மட்டும். அன்று பின்னேரம் கோயிலில் கையில் நூல்காப்புக் கட்டி, அடுத்த நாள் விடியப் பாறணை, விரதம் முடித்துச் சாப்பிடுவது. விண்ணப்பம் திரும்பி வந்த கிழமை அவள் போனில் சொன்னாள்.

“இஞ்சேருங்கோ, இந்த முறை கௌரி விரதம் ரெண்டு பேரும் பிடிப்பம். ஒராள் பிடிச்சு ஒராள் சாப்பிட்டுக்கொண்டிருந்தா என்னெண்டு சேருறது?”

“எனக்கு லில்லெஸ்ட்ரோமிலை பெட்டி தூக்க வேணும்.”

“இஞ்சை சனம் விரதம் பிடிச்சுக்கொண்டு வெங்காயம் கிண்டுது. நீங்கள் பெட்டி தூக்க மாட்டியளோ?”

ஓம் என்றேன். கலியாணம் முடித்து அவளுக்கு நான் செய்தது அதுவரைக்கும் போன் எடுத்தது மட்டும்தான். அவள் ஒன்றைக் கேட்டபோது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அப்போது பரீட்சைத் தேதி வந்திருக்கவில்லை. வந்தபோது அது கடைசி நாளில் விழுந்தது. விரதமோ தொடங்கிவிட்டது.

நான் இருந்தது ஸ்டோவ்னரில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில். கூட இருந்தவன் தமிழ்நாட்டுப் பெடியன், இந்திய உணவகம் ஒன்றில் சமையற்காரன். இரவு வந்து சட்டையைக் கழற்றினால் அறை முழுக்க ஆட்டிறைச்சி மணக்கும்.

“அண்ணே, ஒரு டவுட்டு” என்றான் ஒரு நாள், நான் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. “நீங்க இப்போ ப்யூர் வெஜ்.”

“ஓம்.”

“ஆனா மான் அடிக்கப் பரீட்சை எழுதப் போறீங்க.”

“எழுதுறதில்லை. எய்யிறது.”

“அதான். அந்த மானுக்குத் தெரியுமா நீங்க சைவம்னு?”

“ரப்பர் மானடா.”

“பாஸ் பண்ணிட்டா நிஜ மான் தானே? அந்த அம்மனே கன்ஃப்யூஸ் ஆயிடும்ணே. இவனுக்கு வரம் குடுக்கறதா, மானைக் காப்பாத்தறதான்னு.”

சிரித்தேன். அவன் நல்லவன். என் ஒரு நேரச் சோற்றுக்காகத் தனியாக ஒரு சட்டி வாங்கி வந்து, அதில் தானும் இறைச்சி வைக்காமல் காத்தான். ஆனால் அவன் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. ரயிலில் போகும்போதெல்லாம் அது தலைக்குள் சுற்றியது. பசித்தவன் தலைக்குள் எதுவும் கெதியில் வெளியேறாது.

வில் இழுபடாத அன்று முதலாளி எனக்கு முன்னால் இரண்டு வழிகளை வைத்தார்.

“ஒண்டு, இண்டைக்கே போய் ஒரு துண்டு இறைச்சி சாப்பிடு. ஒரு கிழமையிலை பழையபடி இழுப்பாய். ரெண்டு, வில்லைத் தளர்த்து. ஆனா தளர்த்தினா உன்ரை அம்புகள் உனக்கு உதவாது. அது உனக்கே தெரியும்.”

எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு அதையே சொல்லி அம்பு விற்கிறவன் நான். அம்புத் தண்டு பார்வைக்கு நேராகத்தான் இருக்கும். ஆனால் நாண் தள்ளும்போது அது மீன் மாதிரி நெளிந்துதான் புறப்படும். நெளிவு வில்லின் பலத்துக்குப் பொருந்தவேண்டும். பலமான வில்லுக்கு விறைப்பான தண்டு, பலம் குறைந்த வில்லுக்கு இளகிய தண்டு. பொருந்தாவிட்டால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும். கோடை முழுக்க நான் பார்த்துப் பார்த்துச் செய்த அம்புகள் விறைப்பானவை. நான் நன்றாகச் சாப்பிட்ட காலத்து வில்லுக்கு உரியவை.

“வில்லைத் தளர்த்துறன்” என்றேன்.

“விசரோ உனக்கு?” என்றார். நோர்வேச் சொல் வேறு, அர்த்தம் இதுதான். “சரி. அம்பை நீயே தெரிஞ்செடு. அங்கை காட்டுக்கை நான் உனக்குப் பக்கத்திலை நிக்க மாட்டன்.”

வில்லின் இரண்டு பக்கத்துத் திருகாணிகளையும் சமமாகத் தளர்த்தினேன். இழுத்தேன். உச்சம் தாண்டியது. அந்த அளவில் ஆறுதல். பிறகு சட்டத்தில் ஒரு கடதாசியை விரித்துக் கட்டி, கிட்ட நின்று பழைய அம்பு ஒன்றை அதனூடாக விட்டேன். அம்பு நேராகப் போனால் கடதாசியில் ஒரு சின்ன ஓட்டையும் அதைச் சுற்றி மூன்று இறகு வெட்டும் இருக்கும். எனக்கு வந்தது பக்கவாட்டில் நீண்ட ஒரு கிழிசல், சட்டை ஆணியில் மாட்டிக் கிழிந்த மாதிரி. இன்னொன்று விட்டேன். அதே கிழிசல்.

சுவரோரம் வாளிகளில் தண்டுகள் விறைப்பு வாரியாக நிற்கும். இளகின வாளியிலிருந்து ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தேன். விறைப்புச் சரி. ஆனால் தராசில் வைத்தபோது பாரம் போதவில்லை. தண்டு வெறும் கார்பன் குழாய், இளகினதில் குழாய்ச் சுவர் மெல்லியது, அதனால் பாரம் குறைவு. நான் கட்டையன். கை கட்டை என்றால் இழுவையும் கட்டை, அம்பையும் கட்டையாகத்தான் வெட்டவேண்டும். வெட்ட வெட்ட இன்னும் பாரம் குறையும். டென்மார்க்கில் அம்பு இவ்வளவு பாரமாவது இருக்கவேண்டும், அது தாக்கும் அடியில் இவ்வளவு வலுவாவது இருக்கவேண்டும் என்று விதி. பரீட்சைக்கு முன் நிறுத்துப் பார்ப்பார்கள். பாரம் குறைந்தால் ஓர் அம்புகூட எய்யவிடாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வெட்டினால் தண்டு விறைக்கவும் செய்யும். நீளத் தடியை வளைப்பது சுகம், அதே தடியைப் பாதியாக முறித்து வளைத்துப் பாருங்கள். ஆக, பாரத்துக்காகத் தடித்ததை எடுத்தால் விறைப்புக் கூடுகிறது, விறைப்புக்காக மெல்லியதை எடுத்தால் பாரம் குறைகிறது, எதை எடுத்தாலும் என் கட்டைக் கைக்கு வெட்டும்போது கணக்குப் பிழைக்கிறது. இது சாதாரண விசயம், எங்கள் தொழிலில் தினமும் வருவது. வயிறு நிறைந்திருந்தால் அரை மணித்தியாலத்தில் தீர்த்திருப்பேன். அன்று வாளிக்கும் தராசுக்கும் நடுவே நின்ற எனக்கு அழுகை வந்தது. ஒரு தண்டை எடுத்தேன், வைத்தேன், எதற்கு எடுத்தேன் என்று மறந்து திரும்ப எடுத்தேன்.

அடுத்த சில நாட்கள் கடை பூட்டும் வரைக்கும் தண்டு வெட்டும் மேசையில்தான் இருந்தேன். இளகின தண்டையே எடுத்து, என் இழுவைக்குத் தேவையானதைவிட ஒரு விரற்கடை நீளம் விட்டு வெட்டினேன். பாரத்துக்காக முன்பக்கக் குழாய்க்குள் ஒரு பித்தளைத் துண்டைச் செருகினேன். அதற்கும் முன்னால் கடையில் இருந்ததிலேயே பாரமான முனையை முறுக்கினேன். முன்பாரம் கூடினால் தண்டு இன்னும் நெளியும். நெளிவு மிஞ்சிவிட்டது. கடதாசி மறுபக்கம் கிழிந்தது. கொஞ்சம் வெட்டினேன். திரும்ப விட்டேன். வெட்டினது போதாது. இன்னும் கொஞ்சம். கார்பன் தூள் மூக்கில் ஏறாமல் இருக்க முகத்தில் துணி கட்டிக்கொண்டு வெட்டினேன். வெட்டிய தண்டைத் திரும்ப நீட்ட முடியாது. இரண்டு தண்டுகள் கட்டையாகிக் குப்பைக்குப் போயின.

கடைசியில் ஒரு பின்னேரம் கடதாசியில் சின்ன ஓட்டையும் மூன்று வெட்டும் வந்தன. திரும்ப விட்டேன். திரும்பவும் அதே. தராசில் வைத்தேன். விதிக்கு மேலே, ஒரு மயிரிழை. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு தூர இலக்குக்கு ஒன்று எய்யச் சொன்னார். எய்தேன்.

“நேராப் போகுது. ஆனா ஆறுதலாப் போகுது” என்றார். “பாரமான அம்பு, பலம் குறைஞ்ச வில்லு. கல்லெறிஞ்ச மாதிரி விழும். தூரத்தைக் கொஞ்சம் பிழையா மதிச்சியோ, காலுக்குக் கீழை போகும்.”

“தெரியும்.”

“பரீட்சையிலை தூரம் சொல்ல மாட்டினம்.”

“தெரியும்.”

“எல்லாம் தெரியும் உனக்கு. சாப்பிடத்தான் தெரியாது.”

பரீட்சைக்கு முந்திய பின்னேரம் கப்பலேறினேன். காலையில் இறங்கி, பஸ் எடுத்து, பரீட்சை நடக்கும் ஊருக்குப் போகும் வழியில் மனைவிக்குப் போன் எடுத்தேன். அவளும் அன்று தண்ணீர் மட்டும்தான். கோயிலுக்குப் போக ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தாள்.

“கை நடுங்குதோ?”

“கொஞ்சம்.”

பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த கிழவி ஆப்பிள் கடிக்கிற சத்தம் கேட்டது.

“நடுங்கினா சாப்பிடுங்கோ” என்றாள். “உங்களுக்கும் சேர்த்து நான் பிடிக்கிறன். அம்மனுக்கு விளங்கும்.”

“நீர்தானே சொன்னனீர் ஒராள் சாப்பிட்டா சேராது எண்டு.”

“அது அப்ப சொன்னது. இப்ப சொல்லுறன் சாப்பிடுங்கோ.”

என் பையில் சமையற்காரப் பெடியன் வைத்துவிட்ட ரொட்டிப் பொதி ஒன்று இருந்தது. “எதுக்கும் இருக்கட்டும்ணே, பாரம் ஒண்ணும் இல்ல” என்று திணித்துவிட்டவன். பஸ்ஸால் இறங்கி அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். சாப்பிடாமல் விட்டது பக்தியால் அல்ல. சாப்பிட்டு, பாஸ் பண்ணி, பிறகு கந்தோர் அவளை வேண்டாம் என்றால் அந்த ரொட்டியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அவளும் மறக்கமாட்டாள், சொல்லாமல் இருப்பாள். சாப்பிடாமல் குறி பிழைத்தால் பிழை என் கையோடு போய்விடும். இப்படித்தான் யோசித்தேன். சரியா என்று இப்போதும் தெரியாது. பொதியைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

பரீட்சைக்காரர் மெல்லிய, உயரமான மனிதர். மழைக்கோட்டுப் போட்டிருந்தார். அம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். வில்லின் வலுவை ஒரு கருவியால் பார்த்தார். முகத்தைச் சுழித்தார், ஆனால் தலையாட்டினார். பாதையோரம் காட்டுக்குள் அங்கங்கே ரப்பர் மிருகங்கள் நின்றன. ஒவ்வொன்றின் விலாவிலும் நெஞ்சறையைச் சுற்றி ஒரு கோடு. மங்கலான கோடு, எய்கிற இடத்திலிருந்து தெரியாது. அம்பு கோட்டுக்குள் நிற்கவேண்டும். ஒன்று தவறலாம். இரண்டு தவறக்கூடாது.

முதல் இரண்டும் கிட்ட நின்ற மான்கள். பட்டன. மூன்றாவது ஒரு காட்டுப்பன்றி, சரிவுக்குக் கீழே, பன்னச் செடிகளுக்கு நடுவில். அதை நான் கிட்ட என்று மதித்தேன். விட்டேன். அம்பு பன்றியின் வயிற்றுக்குக் கீழே புகுந்து மண்ணில் குத்தி நின்றது. முதலாளி சொன்ன மாதிரியே. பழைய அம்பென்றால், பழைய வில்லென்றால், அந்த அளவு பிழை பன்றியின் விலாவுக்குள்தான் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு காடு எனக்குக் காடாகத் தெரியவில்லை. மரம் எவ்வளவு தூரம், அதற்கு அப்பால் மரம் எவ்வளவு தூரம் என்று மட்டுமே கண் பார்த்தது. நரியில் பட்டது. பெரிய கொம்பு மானில் பட்டது. எனக்குப் பின்னால் வந்த டென்மார்க்காரன் ஒருவன் இறைச்சி வைத்த பாணை மென்றுகொண்டே வந்தான். அந்த மணம் நல்லதா கூடாததா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

கடைசி மிருகம் ஒரு சின்ன மான். இரண்டு பேர்ச் மரங்களுக்கு நடுவில் நின்றது. வெள்ளை மரம் கண்ணை ஏமாற்றும், இருப்பதைவிடக் கிட்டக் காட்டும். இழுத்தேன். உச்சம் தாண்டியது. குறியில் வைத்தபோது கை ஆடத் தொடங்கியது. குறி மானின் கழுத்திலிருந்து பின்கால் வரைக்கும் போய்ப் போய் வந்தது. விடவில்லை. மெல்ல நாணை முன்னால் கொண்டுவந்தேன்.

“நேரம் இருக்கு” என்றார் பரீட்சைக்காரர்.

பன்றியைக் கிட்ட என்று நினைத்துப் பிழைவிட்டேன், இதையும் கிட்ட என்று நினைக்கிறேனோ? அல்லது பயத்தில் தூரமாக மதித்து முதுகுக்கு மேலால் விடப்போகிறேனோ? பாதி வழியில் ஒரு பாசி படிந்த கல் தெரிந்தது. கல்வரைக்கும் எவ்வளவு என்று மதித்தேன். அதை இரட்டித்தேன். எனக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு அதற்குப் போதும். இழுத்தேன். கை ஆடியது. ஆடி வந்து விலாவின் பக்கம் திரும்பும்போது விட்டேன்.

அம்பு போவதை நான் பார்த்தேன். வேகமான அம்பென்றால் பார்க்க முடியாது, பட்ட சத்தம்தான் கேட்கும். இது மேலெழும்பி, தலை குனிந்து, எனக்கும் மானுக்கும் நடுவில் எவ்வளவோ நேரம் இருந்தது. பட்டது. எங்கே என்று தெரியவில்லை.

பரீட்சைக்காரர் நடந்து போனார். குந்தி இருந்தார். கண்ணாடியை எடுத்துப் போட்டார். அம்பைத் தொடாமல், அது புகுந்த இடத்தின் ஓரத்தை நகத்தால் தடவினார். நான் கிட்டப் போகவில்லை. போனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவேன் என்று பயம்.

“கோட்டைத் தொடுது” என்றார் எழும்பாமலே. “தொட்டா உள்ளுக்கை எண்டுதான் கணக்கு.”

நான் வில்லை நிலத்தில் வைத்தேன். வைக்கக்கூடாது, ஈரம். வைத்தேன்.

அவர் திரும்பி வந்து அம்பைக் கையில் தந்தார். “பாஸ். ஆனா உயிருள்ள மானெண்டா நீயும் நானும் இப்ப ரத்தம் பாத்துப் பாத்து முழங்காலிலை தவழ்ந்துகொண்டிருப்பம். உனக்கு விளங்குதோ?”

“விளங்குது.”

“இவ்வளவு பாரமான அம்பு, இவ்வளவு தளர்த்தின வில்லு. ஏன்?”

“நான் சாப்பிடேல்லை.”

“இண்டைக்கோ?”

“கொஞ்ச நாளா.”

“ஏன்?”

“மனுசி வரவேணும்.”

என் நோர்வே மொழி அவருடைய டேனிஷ் காதுக்குச் சரியாக ஏறவில்லை என்று நினைத்திருப்பார். தலையாட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.

முதலாளிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். கோட்டைப் பற்றியும் சொன்னேன். மறைத்தால் அவர் பிறகு அங்கிருந்து கேட்டறிவார்.

“கோட்டிலை பட்டவனை நான் வேட்டைக்காரரோடை அனுப்ப மாட்டன்” என்றார். “முதல் நல்லாச் சாப்பிடு. வில்லைப் பழையபடி திருக்கு. பழைய அம்பை எடு. பிறகு அனுப்புறன். திங்கட்கிழமை வந்து கையெழுத்தை வை.”

மனைவிக்கு எடுத்தேன். அங்கே காப்புக் கட்டுகிற நேரம். மேளமும் மணியும் சனமும் ஒன்றாகக் காதுக்குள் விழுந்தன. நான் பாஸ் என்று கத்தினேன், அவள் என்ன என்று கத்தினாள், நான் திரும்பக் கத்தினேன். “ஒண்டும் கேக்கேல்லை, வரிசையிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டாள். பஸ் தரிப்பிடத்தில் அந்தச் செய்தியோடு தனியாக நின்றேன். சொல்ல ஆளில்லாமல், வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கப்பல் புறப்பட ஆயத்தமாகும்போது அவள் எடுத்தாள். நான் மேல்தளத்தில் காற்றுக்குள் நின்றேன். உள்ளே சாப்பாட்டுக்கூடம், அதன் பக்கம் போக என்னால் முடியவில்லை.

“என்னப்பா, என்ன நடந்தது?”

“சரிவந்திட்டுது.”



“சாப்பிட்டிட்டோ எய்தனீங்கள்?”

“இல்லை.”

“எல்லாம் பட்டதோ?”

“ஒண்டு தவறிச்சுது. ஒண்டு கோட்டிலை.”

“கோட்டிலை எண்டா?”

“உண்மையான மானெண்டா உடனை சாகாது. ஓடும்.”

“சிவ சிவா. காப்புக் கட்டின கையோடை நிக்கிறன், உந்தக் கதையை விடுங்கோ. விடியப் பாறணை முடிச்சு வடிவாச் சாப்பிடுங்கோ.” பிறகு குரல் மாறியது. “அப்ப நான் எப்ப வெளிக்கிடுறது?”

திங்கட்கிழமை கையெழுத்து வைக்கவேண்டும். சம்பளத் துண்டு சில மாதத்துக்காவது சேரவேண்டும். அதற்குப் பிறகு விண்ணப்பம். அது கந்தோரில் எத்தனை மாதம் கிடக்கும் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். இதை அவளும் அறிவாள். என்னைவிடப் படித்தவள், கந்தோரின் விதிகளை எனக்கே வாசித்துச் சொன்னவள். ஆனாலும் கேட்டாள். விரதத்தின் கடைசி இரவில், பசியோடு, கையில் புது மஞ்சள் நூலோடு நிற்கிறவள் வேறு எதைக் கேட்பாள்?

தளம் காலுக்குக் கீழே அதிரத் தொடங்கியது. கரை மெல்ல விலகியது.

“பாப்பம்” என்றேன்.

அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்காது. என்னிடம் வேறு சொல் இருக்கவில்லை. தொடர்பு அறும்வரைக்கும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.